சிக்ரூன் தொடாத கற்கள்

மதிப்பிற்குரிய விசாரணைக் குழுவினருக்கு,

பனித்தளத்தில் துளி தெளிப்பதற்கு வெந்நீர்தான் நல்லது. தளத்தோடு பிடித்து உறையும். கல் இடறாமல் ஓடும். மார்ஷ்கேட் கர்லிங் கிளப்பின் தளத்தைப் பதினேழு வருடமாகச் சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொள்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: மாகாண இறுதி ஆட்டத்தன்று தளத்தில் ஒரு குறையும் இல்லை. உங்கள் முதல் கேள்விக்கு இதுதான் பதில்.

இரண்டாவது கேள்வி சிக்ரூன் பியர்னசனைப் பற்றியது. ஒன்பது வருட ஆட்டத்தில் தன் துடைப்பம் பட்டிருக்கக்கூடிய கற்கள் என்று அவள் உங்களுக்குப் பதினான்கு பக்கப் பட்டியல் அனுப்பியிருப்பதாகவும், அதை வைத்து அவளுடைய வின்னிபெக் அணியின் மூன்று கோப்பைகளைத் திரும்ப வாங்கலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். அந்தப் பெண் எந்தக் கல்லையும் தொடவில்லை. அவளுக்கு அந்தச் சந்தேகத்தை ஏற்படுத்தியவன் நான்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தபோது, படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணிக்கொண்டு எழுது என்றார்கள். ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன். ஒருவர் கல்லைப் பனியில் வழுக்கிவிடுவார். இருவர் அதற்கு முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடி, எதிர்க்கோடியில் உள்ள வட்டத்துக்குள் கொண்டு சேர்ப்பார்கள். ஓடும் கல்லில் துடைப்பம் பட்டால் தவறு. பட்டதா இல்லையா என்று நடுவர் சொல்வதில்லை. பட்டவரே கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். இது எங்கள் விளையாட்டின் பெருமை. நானும் பெருமைப்படுகிறவன்தான்.

இனி நியாயத்துக்கு வருகிறேன். இறுதி ஆட்டத்தில் எங்கள் ஊர் அணியோடு மோதிய வின்னிபெக் அணி அரசு உதவித்தொகைப் பட்டியலில் இருந்தது. நால்வருக்கும் வேறு வேலை கிடையாது. எங்கள் ஊர் அணியில் தலைவி என் மனைவி வெர்னா. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். மற்ற மூவரில் ஒருத்தி பன்றி வளர்க்கிறாள், ஒருத்தி முடி திருத்துகிறாள், ஒருத்தி பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறாள். இரண்டு அணியையும் அமெச்சூர் என்ற ஒரே சொல்லால்தான் அழைக்கிறோம். மாகாணக் கோப்பையை வெல்லும் அணிக்குத்தான் அடுத்த வருடப் பட்டியலில் இடம். வெர்னாவுக்கு வயது நாற்பத்தாறு. முழங்கால் இன்னும் ஒரு குளிர்காலம் தாங்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள் அவளிடம் பேசிப் பார்த்தேன்.

"அவங்களுக்குத் தூங்கச் சொல்லிக்கொடுக்கவே ஒரு ஆளு இருக்காராம், வெர்னா."

"நமக்கும்தான் இருக்கு, உன் குறட்டை. முழிச்சிருக்கச் சொல்லிக்கொடுக்குது."

"நான் விளையாட்டுக்குச் சொல்லல. அரசாங்கமே ஒரு பக்கம் சாஞ்சா எப்படி?"

"தோத்தா தோத்துட்டுப் போறோம். நீ ஐஸைப் பாரு, ஒரெஸ்ட். உலகத்தை அப்புறம் பாத்துக்கலாம்."

ஆனால் ஒரு காரியத்தை எடுத்தால் முறையாகச் செய்து பழகியவன் நான். ஒரு தாளின் நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் அவர்களுக்கு அரசு கொடுப்பது, வலப்பக்கம் நம்மிடம் இருப்பது. உடற்பயிற்சியாளர் என்பதற்கு எதிரே பன்றித் தீவன மூட்டை என்று எழுதினேன், சமம். உணவு ஆலோசகர் என்பதற்கு எதிரே தேவாலயத்துப் பெண்கள் செய்யும் பெரோகிக் கொழுக்கட்டை. அதில் நாம் ஒரு படி மேல். கடைசியில் மனப் பயிற்சியாளர். அதற்கு எதிரே எழுத ஒன்றுமே இல்லை. சாய்வு எங்கே இருக்கிறதென்று புரிந்துவிட்டது. அவர்கள் மனதுக்குத்தான் அரசு செலவு செய்கிறது. வரி கட்டுகிறவன் என்ற முறையில் அந்த மனதில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. என் பங்கை மட்டும் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

நான்கு பேரில் சிக்ரூனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அவள் மிகவும் நேர்மையானவள். போன வருடம் ஒரு அரையிறுதியில், யாருமே பார்க்காத ஒன்றுக்குக் கையைத் தூக்கித் தன் அணியைத் தோற்கடித்தவள். செய்தித்தாளில் படம் வந்தது. அதை வெட்டிக் கிளப்பின் சுவரில் ஒட்டியவனும் நான்தான்.

இறுதி ஆட்டத்தன்று காலைப் பயிற்சியின்போது தளத்தைச் சீவும் வண்டியை அவள் அருகில் நிறுத்தினேன்.

"நேத்து அரையிறுதில உன் ஆட்டம் ரொம்ப நல்லா இருந்துச்சும்மா."

"தாங்க்ஸ் அங்கிள். ஐஸ் சூப்பரா இருக்கு."

"ஆறாவது சுத்துல மட்டும், உன் துடைப்பம் கல்லுல லேசா பட்டுச்சோன்னு நினைச்சேன்."

அவள் முகம் மாறியது. "பட்டுச்சா?"

"தெரியலம்மா. என் கண்ணு சரியில்ல. உனக்குத் தெரிஞ்சிருக்குமே. விடு."

இவ்வளவுதான். என் கண்ணைப் பற்றிச் சொன்னது மட்டும் உண்மையல்ல. போன இலையுதிர் காலத்தில்தான் புரை எடுத்துக்கொண்டேன். தளத்தின் மறுகோடியில் ஒரு முடி கிடந்தாலும் தெரியும். முந்தைய நாள் ஆறாவது சுற்றில் அவள் துடைப்பத்துக்கும் கல்லுக்கும் இடையே ஒரு சாண் இருந்தது.

மதியம் இரண்டு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. மூன்றாவது சுற்றில் கையைத் தூக்கினாள். ஐந்தாவதில் தூக்கினாள். எட்டாவதில் இருமுறை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றுகூடப் படவில்லை. அவர்கள் தலைவி ஜொயெல் முதலில் பொறுமையாகத்தான் இருந்தாள்.

கடைசிக் கல் அவர்களுடையது. அது வட்டத்தின் நடுவில் வந்து நின்றது. அவர்கள் வென்றுவிட்டார்கள். சிக்ரூன் கையைத் தூக்கினாள்.

"படவே இல்லடி. பக்கத்துலயே ஓடி வந்தேன்ல" என்றாள் ஜொயெல்.

"பட்ட மாதிரி இருந்துச்சு."

"மாதிரின்னா?"

"மாதிரி இருந்தாலே சொல்லணும்ல?"

இப்படி நடந்தால் கல்லை என்ன செய்வதென்று எதிரணித் தலைவிதான் சொல்ல வேண்டும். வெர்னா குனிந்து கல்லைப் பார்த்தாள், பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தாள். "எனக்கும் பட்ட மாதிரி தெரியலம்மா. கல்லு அப்படியே இருக்கட்டும், நீங்க ஜெயிச்சீங்க" என்றாள். ஆனால் சிக்ரூன், "இல்லக்கா, அது தப்பு" என்று சொல்லித் தானே கல்லைக் காலால் வட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டாள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. நானும் தட்டினேன்.

வென்றவர் தோற்றவருக்கு முதல் குவளை பீர் வாங்கித் தருவது வழக்கம். வெர்னா சிக்ரூனை அருகில் உட்கார வைத்து வாங்கிக் கொடுத்தாள். அவள் அதைக் குடிக்காமல், ஐந்து தடவை கையைத் தூக்கியதில் ஒருவேளை ஒரு தடவை தவறாகத் தூக்கியிருந்தால் அதுவும் பொய்தானே என்று கேட்டாளாம்.

அதன் பிறகு நடந்தவை உங்களுக்கு ஓரளவு தெரியும். காவல் நிலையத்துக்குப் போய், எப்போதோ மஞ்சள் விளக்கில் சாலையைக் கடந்திருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தாள். அவர்கள் காபி கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் அந்தக் காபிக்காக மன்னிப்புக் கேட்கப் போனாள். கடையில் இரண்டு திராட்சையை ருசி பார்த்ததாகச் சொல்லிக் கடைக்காரரைக் காவலாளியைக் கூப்பிடச் சொன்னாள். உதவித்தொகையை அரசுக்கே திருப்பி அனுப்பினாள். திரும்பி வரும் பணத்தை வாங்க அவர்களிடம் படிவம் இல்லாததால் அதை மறுபடியும் அவளுக்கே அனுப்பினார்கள், அதற்கும் அழுதாளாம். பிப்ரவரியில் விளையாட்டை விட்டாள். அவளுடைய மனப் பயிற்சியாளர் இப்போது வேறொரு மனப் பயிற்சியாளரிடம் போய்க்கொண்டிருப்பதாகக் கேள்வி.

இதையெல்லாம் கேட்டபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் இவ்வளவு பலவீனமான ஒரு மனதுக்கு அரசு அத்தனை செலவு செய்திருக்கிறதே என்பதையும் குழு கவனிக்க வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அந்தப் பதினான்கு பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள். மூன்று கோப்பைகளும் அவர்களிடமே இருக்கட்டும். மார்ஷ்கேட் இறுதி ஆட்டத்தை மட்டும் மறுபடி கிளற வேண்டாம். தளத்தில் ஆட்டக்காரர் சொன்னதே முடிவு என்பது நம் விதி. அதை மாற்ற நமக்கு உரிமை இல்லை.

வெர்னாவின் பெயர் உதவித்தொகைப் பட்டியலில் வந்தாகிவிட்டது. பேருந்து வேலையை விட்டுவிட்டாள். முழங்காலுக்கு ஒருவர், மனதுக்கு ஒருவர் என்று வாரம் இருமுறை வருகிறார்கள். நன்றாகத் தூங்குகிறாள். இந்த உதவித்தொகை முறையைப் பற்றி முன்பு நான் அவசரப்பட்டுப் பேசிவிட்டேனோ என்றுகூட இப்போது தோன்றுகிறது. கிடைக்க வேண்டியவர்களுக்குக் கிடைத்தால் அது நல்ல ஏற்பாடுதான்.

இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து வெர்னாவுக்குக் காட்ட வேண்டாம். தெரிந்தால் அன்றைக்கே கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். இவ்வளவு நேர்மையான ஒருத்தியிடம் போய் அப்படிச் சொல்வது நியாயமாக இருக்காது.

இப்படிக்கு,
ஒரெஸ்ட் பாபியாக்