தலைக்கு ரெண்டு இஞ்சு கட்டம்

“தலை மட்டும் பெருசாயிடுச்சுக்கா,” என்றாள் எதிர் இருக்கைப் பெண். எண்ணூரில் ஏறியதிலிருந்து அவள், எதிரில் தைத்துக்கொண்டிருந்தவளின் மடியிலிருந்த குழந்தைக்கான விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒட்டுத்துணியில் ஒரு மீன்.

“தையல் புக்குல மீன் சின்னதா கீது. கட்டம் போட்டுப் பெருசு பண்ணேன். தலைக்கு ரெண்டு இஞ்சு கட்டம். காலண்டர் தாள் பத்தல, வாலுக்கு ஒரு இஞ்சாக்கிட்டேன்,” என்றாள் தைத்தவள்.

“தலைப்பிரட்டை மாதிரி கீது,” என்று பக்கத்திலிருந்தவள் சிரித்தாள்.

தைத்தவள் சிரிக்காமல் வாலின் தையலைப் பிரிக்கத் தொடங்கினாள். “பொண்ணுக்கு வலி கண்டுடுச்சு. கொயந்த இன்னும் தலை திரும்பலைன்றாங்க. காலு கீய கீதாம்.”

ரயில் தண்டையார்பேட்டையில் நின்றது. மகள் இருந்த இராயபுரம் ஆஸ்பத்திரிக்கு இன்னும் தூரம் இருந்தது.

பக்கத்தில் சிரித்தவள் விரிப்பை வாங்கி மடித்தாள். “வாலு கெடக்கட்டும் வுடு. தலை மொதல்ல வரட்டும்.”