எழுதிப் பார்க்கும் நோட்டு

குறைந்த விலையில், அழுத்தினால் விரிந்துகொடுக்கும் நிப் வைத்த மைப்பேனா கிடைப்பது லேசில்லை ஐயா. மெல்லப் பிடித்தால் மயிரிழையாகக் கோடு விழவேண்டும், அழுத்தினால் பட்டையாக வேண்டும். மலிவு நிப்புகளில் பாதி, அழுத்தியதும் நடுவில் மை விட்டுப்போய் இரண்டு கீறலாகப் பிரிந்துவிடும். எனக்கோ எழுதவும் வேண்டும், வரையவும் வேண்டும்.

நான் பாடப்புத்தகங்களுக்குப் படம் போடுகிறவன். கடைக்காரருக்குச் சந்தேகம் வரவில்லை. எட்டுப் பேனாக்களை எழுதிப் பார்த்தேன்.

"இன்னும் ரெண்டு பாத்தீங்கன்னா கடையையே உங்க பேருக்கு எழுதி வெச்சிட வேண்டியதுதான் சார்," என்று சிரித்தார்.

எட்டாவது பேனாவில் அத்தானின் கையெழுத்து அப்படியே வந்தது. சுழிகள் மெலிந்து, இறங்குகிற கோடுகள் தடித்து, கொஞ்சம் கர்வம் பிடித்த எழுத்து.

அக்கா, அவள் கணவர், நான் மூவரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அம்மா போனபிறகு என்னை வளர்த்தவள் அக்கா. அவளை வேறு ஊருக்குக் கூட்டிப்போவதாக அத்தான் சொன்னார். அக்கா வேலைக்குப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, மாடிப்படியில் பேச்சு முற்றியது. கோபத்தில் தள்ளிவிட்டேன். விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் புதிதாகச் சிமெண்டு பூசிய இடத்தை நீங்களே பார்த்தீர்கள்.

அக்கா இடிந்துபோகக் கூடாதே என்றுதான் மாதம் ஒரு கடிதம் எழுதினேன். 'நான் நலம். என்னைத் தேட வேண்டாம்.' மூலையில் அத்தான் வழக்கமாக வரைகிற சின்னக் குருவி. படித்துவிட்டு அழுவாள். அழுது முடித்ததும் எனக்குச் சாப்பாடு எடுத்து வைப்பாள். அந்த நாட்களில் நான் சந்தோஷமாகவே இருந்தேன்.

போன வாரம், அவர் திரும்பி வந்தால் கொடுக்கலாமென்று பேனா வாங்க அதே கடைக்குப் போயிருக்கிறாள். எழுதிப் பார்க்கும் நோட்டை நீட்டியிருக்கிறார் கடைக்காரர். எல்லோரும் தங்கள் பெயரைக் கிறுக்கிவிட்டுப் போகிற நோட்டு. பழைய பக்கங்களைப் புரட்டியவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டதாம்.

"இது எங்க வீட்டுக்காரரு எழுத்துங்க. இங்க வந்தாரா?"

"இல்லம்மா, புத்தகத்துக்குப் படம் போடுவாரே, அவரு எழுதிப் பாத்தது."

எட்டு முறை அதே வரி, எட்டுக் குருவிகள். பெயரைக் கிறுக்கியிருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை.

கோபத்தில் நடந்துவிட்டது என்றே எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தின் மேலே கடைக்காரர் போட்டிருக்கும் தேதியை நீங்கள்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறீர்கள். ஆமாம், புதன்கிழமைதான். அத்தான் விழுந்ததற்கு இரண்டு நாள் முன்பு. நல்ல பேனாவை அவசரத்தில் வாங்க முடியாது ஐயா.