முன்னறைச் சுவரின் பூசணம்

1953ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 21ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. மூன்று நாள் இடைவிடாது பெய்த மழை நண்பகலில் ஓய்ந்தது. எனினும் வானம் தெளியவில்லை. இடம்: தக்கலையை அடுத்த ஒரு வீட்டின் முன்னறை. உரையாடுவோர்: முத்துநாயகம், அவர்தம் மனைவி செல்லத்தாய்.

முத்துநாயகம்: ...காய்ஞ்ச துணியால தேய்க்காதட்டி. தூள் பறந்து மத்த சுவர்லயும் ஒட்டும். ஈரத்துணி எடு.

செல்லத்தாய்: எடுத்தாச்சு. இன்னா, பூசணம் போகத் துருசு கலக்கின தண்ணி. கண்ணுல தெறிக்காம பாத்துக்கிடுங்க.

முத்துநாயகம்: நாலு மணிக்குத் தாணம்மாளைப் பொண்ணு பாக்க வாறாவ. என் தங்கச்சியப் பாக்க வந்தவன் சுவரப் பாத்துட்டுப் போயிரப்பிடாது.

செல்லத்தாய்: வேலி கட்டுதேன்னு ரெண்டு மாசமா பொழுது சாயப் போறிய. பசு இன்னும் நம்ம வாழையத்தான் தின்னுது. அந்த நேரத்துல இதத் தொடைச்சிருந்தா...

முத்துநாயகம்: வேலியப் பத்திப் பேசாத. சித்திரையில வெள்ளையடிச்ச சுவரு. மத்த மூணும் பால் மாதிரி இருக்கு. இதுல மட்டும்... அதும் வளைஞ்சு வளைஞ்சு, கோவக்கொடி படர்ந்தது மாதிரி.

செல்லத்தாய்: கொடி மாதிரியா தெரியுது... உங்களுக்கு?

முத்துநாயகம்: பின்ன? எதுக்குச் சிரிக்க?

செல்லத்தாய்: தும்மல். மேல உள்ள வரியில இருந்து தேயுங்க.

முத்துநாயகம்: வரியா?

செல்லத்தாய்: வரிசை... வரிசையாத் தேயுங்கன்னேன். கீழயும் லேசாப் பூத்திருக்கா?

முத்துநாயகம்: அத விடு. அது இன்னும் முத்தல.

செல்லத்தாய்: பத்தாயத்த இழுத்து மறைச்சிருவமா?

முத்துநாயகம்: மாப்பிள்ள நெல்லுப் பெட்டி மேலயா இருப்பான்?

செல்லத்தாய்: சவுளிக்கடைக்காரனுக்குச் சுவரப் பாக்க எங்க நேரம்?

முத்துநாயகம்: சவுளிக்கடை அவன் அப்பனுக்கு. மாப்பிள்ள பள்ளிக்கூட வாத்தியாரு.

செல்லத்தாய்: வாத்தியாரா... இத இப்பவா சொல்லுதிய? துணியக் குடுங்க இஞ்ச.

முத்துநாயகம்: என்னட்டி பதறுத?

செல்லத்தாய்: அது கொடி இல்ல... எழுத்து.

முத்துநாயகம்: பூசணம் எழுதுமா?

செல்லத்தாய்: நான் எழுதினேன். கஞ்சியில விரல முக்கி. காய்ஞ்சா தெரியாதுன்னு நினைச்சேன். மழை வந்ததும் கஞ்சி பட்ட எடமெல்லாம் பூத்துப் போச்சு.

முத்துநாயகம்: நீ எப்ப எழுதப் படிச்ச?

செல்லத்தாய்: வியாழக்கிழம தோறும் பாய் முடையப் போறேன்னு சொன்னேம்லா... பாய் ஏதாச்சும் வீடு வந்து சேந்துதா?

முத்துநாயகம்: ...வரல. சரி, என்ன எழுதின?

செல்லத்தாய்: அஞ்சாங்கிளாசு வரை படிச்சேன்னு மாப்பிள்ள வீட்டுல சொன்னியளே. வாசிங்க.

முத்துநாயகம்: கண்ணாடி எடுக்கல.

செல்லத்தாய்: மூக்குல இருக்கு.

முத்துநாயகம்: மங்கலா இருக்குட்டி...

செல்லத்தாய்: "அத்தானுக்கு வாசிக்கத் தெரியாது." போதுமா? எங்க அண்ணன் கடுதாசிய "எல்லாரும் சுகம்"னு வாசிச்சிய. பிள்ளைக்குக் காதுகுத்து, கட்டாயம் வாங்கன்னு எழுதியிருக்கான் பாவம். ஒரு வருசமா அவன் என்கூடப் பேசல.

முத்துநாயகம்: அதுக்கு, வாத்தியாரு வாற வீட்டுச் சுவர்லயா எழுதுவ?

செல்லத்தாய்: வாத்தியாருன்னு நான் கண்டேனா? இன்னா... மேல உள்ளது போச்சு. இனி எவன் வந்தாலும் வாசிக்க முடியாது. நகருங்க, கீழயும் தொடைக்கட்டு.

முத்துநாயகம்: அது இருக்கட்டும்.

செல்லத்தாய்: நகருங்கன்னா... அய்ய, இது நான் எழுதலியே. "இப்போ... தெ... றி... யும்."

முத்துநாயகம்: அழிக்காண்டாம். வாத்தியாரு பாக்கட்டும்.

செல்லத்தாய்: கஞ்சிக் கலயத்துல கையவிட்டது நான் மட்டும் இல்லியா, அப்ப?

முத்துநாயகம்: நீ எழுதுதத அன்னைக்கே ஒளிஞ்சு நின்னு பாத்தேன். எட்டு நாள் கழிச்சு நானும் எழுதினேன். அதான் இன்னும் முத்தலன்னேன்.

செல்லத்தாய்: பாக்கட்டும் அத்தான், நல்லாப் பாக்கட்டும்... ஆனா "தெரியும்"க்கு யாராவது வல்லின "றி" போடுவாவளா?

முத்துநாயகம்: தப்பா?... அழிட்டி, சீக்கிரம் அழி. ரெண்டு "ர"வுக்கும் வித்தியாசம், நாங்க வேலி கட்டுத எடத்துல அடுத்த வாரந்தான் சொல்லித் தருவாவ.

சுவர் முழுவதும் துடைக்கப்பெற்ற நேரம்: பிற்பகல் மூன்று மணி ஐம்பத்தெட்டு நிமிடம்.