குங்குமத்தைப் பறக்கவிட்ட மாப்பிள்ளை கார்

நம்ம வீதிக் கமிட்டிக்குத் தலைவர் யாருன்னு கை தூக்கப் போறோம். அதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கதைக்கு இடம் குடுங்க. எனக்கு மைக்கு வேண்டாங்க… கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க, போதும்.

கதை குங்குமத்துல ஆரம்பிக்குது.

எங்க சித்தி மகன் தனசேகர் அண்ணனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு. முன்னாடி நாதஸ்வரம், நடுவுல கார், பின்னாடி சீர்த்தட்டோட நாங்க. என் கையில குங்குமத் தட்டு. திடீர்னு பார்த்தா… குங்குமம் பறக்குது! ஒரு இலைகூட அசையல. அப்புறம் எப்படிங்க பறக்கும்? குனிஞ்சு பார்த்தேன். காரோட சைலன்சர்! ஒரு தேங்காயை உள்ள விடலாம், அவ்ளோ பெரிய வாய். வானத்தைப் பார்த்து ஊதிக்கிட்டிருக்கு.

அந்தக் காரை அண்ணன் படுத்தின பாடு இருக்கே… கம்பெனி சைலன்சரைக் கழட்டி எறிஞ்சான். எஞ்சினுக்குள்ள காத்தை அமுக்கி ஊதுமே டர்போ, அதுல பெருசா ஒண்ணு போட்டான். லாரிக்குப் பொறந்த மாதிரி சக்கரம் மாட்டினான். பார்க்கிறவங்ககிட்ட எல்லாம், "மாப்ள, இப்ப இதுக்கு எத்தனை குதிரை சக்தி தெரியுமா?"ன்னு கேப்பான். நம்ம ரோட்டுல ஆடு குறுக்க வருது, வேகத்தடை வருது, தண்ணி லாரி நிக்குது… குதிரை எங்கங்க ஓடும்?

ஓடுற வேகம் வேற, இழுவை வேற. மெக்கானிக்குங்க அதை டார்க்னு சொல்லுவாங்க. நின்ன வண்டி ஆளை ஏத்திக்கிட்டு மேட்டுல நகரணும்னா, அந்த இழுவைதான் வேணும். கம்பெனியில வந்தப்போ, எஞ்சின் மெதுவா சுத்தும்போதே அது கிடைச்சுது. இப்ப? பெரிய டர்போ, எஞ்சின் கத்திச் சுத்தினாத்தான் முழிக்கும். சக்கரம் பெருசானதுல, மெதுவா சுமை இழுக்கிற முதல் கியரே ரெண்டாவது கியர் மாதிரி ஆயிடுச்சு. பைபாஸ்ல பறக்கும்… மேட்டுல முக்கும்.

மாப்பிள்ளை ஊர்வலம் என்ன வேகத்துல போகும்? நாதஸ்வரக்காரர் நடக்கிற வேகத்துல! மண்டபம் எங்க இருக்கு? மேட்டு மேல!

என் வண்டிய எவனும் தொடக்கூடாதுன்னு, தலைப்பாகையோட அண்ணனே ஓட்டினான். பக்கத்துல தாய்மாமன் சென்னியப்பன். மேட்டுல முன்சக்கரம் ஏறுச்சு… பொட்டுனு ஆஃப்.

"என்னடா, நின்னுடுச்சு?"

"ஆக்சிலேட்டரை மிதிக்கணும் மாமா."

"மிதி. ஆனா மெதுவா போ."

"மிதிச்சா மெதுவா போகாது. மெதுவா போனா ஏறாது!"

"அப்புறம் எதுக்குடா இத்தனை லட்சம்?"

வ்ர்ர்ரூம்… ஆஃப். வ்ர்ர்ரூம்… ஆஃப். நாதஸ்வரக்காரர் திரும்பினார். "தம்பி, ஒண்ணு நான் வாசிக்கணும், இல்ல உங்க வண்டி வாசிக்கணும்."

அண்ணன் விடல. பாதி கிளச்சை மிதிச்சுக்கிட்டே எஞ்சினைக் கத்தவிட்டான். கொஞ்ச நேரத்துல ஒரு நாத்தம். கிளச் கருகிப்போச்சு. வண்டி கத்துது, கத்துது… சக்கரம் சுத்தல.

முகூர்த்தம் முடியப்போகுது. இறங்கி நடக்கலாமா? கூடாது! ஆரத்தி எடுக்கிற வரைக்கும் மாப்பிள்ளை கால் தரையில படக்கூடாது. அது அவங்க குடும்ப வழக்கம். அப்பத்தான் பொண்ணுகிட்ட இருந்து போன்.

"எங்க இருக்கீங்க?"

"இதோ கிட்ட வந்துட்டோம் பூங்குழலி. ஊர்வலம் பிரமாதமா போகுது."

"சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. ஆளைத்தான் காணோம்."

சொல்லிட்டு அது சும்மா இருக்கல. மாலையைக் கழட்டி வச்சுட்டு, நகை நட்டோட அதோட அப்பா காரை எடுத்துக்கிட்டு இறங்கி வந்துச்சு. அதே கம்பெனி, அதே மாடல். ஒரு திருகாணிகூட மாத்தாத வண்டி. பின்சீட்டுல பந்திக்கு வாங்கின வாழை இலைக்கட்டு.

"மாமா, அவரைத் தூக்கிப் பின்னாடி போடுங்க."

தாய்மாமன் அண்ணனை மூட்டை மாதிரி தூக்கினார். அப்பவும் அண்ணன் வாய் அடங்கல. "இதுலயா? இதுல சத்தமே வராதே!"

"சத்தம் வராதுங்க. வண்டி மேல வரும்."

வந்துச்சு. இலைக்கட்டு மேல மாப்பிள்ளை, ஸ்டியரிங்ல பொண்ணு, முன்னாடி நாதஸ்வரம். நடக்கிற வேகத்துல, ஒரு முறைகூட நிக்காம. என் தட்டுல மிச்சமிருந்த குங்குமம் அசையல. முகூர்த்தத்துக்குள்ள தாலி ஏறுச்சு.

இதை ஏன் இங்க சொல்றேன்? நம்ம வீதி வேலை எல்லாம் என்ன வேலை? சாக்கடை அடைப்பு, குழாயில தண்ணி, எரியாத தெருவிளக்கு… எல்லாமே முதல் கியர் வேலைங்க! மேட்டுல, சுமையோட, நடக்கிற வேகத்துல. இவ்ளோ நேரம் மைக்குல முழங்கின அண்ணங்களை நான் குறை சொல்லல. பைபாஸ்ல நல்லாப் பறப்பாங்க. நம்ம வீதியில பைபாஸ் எங்கங்க இருக்கு?

போன மழைக்கு வீடு வீடா தண்ணி பூந்துச்சே, அன்னைக்கு எந்த ஸ்பீக்கர் வந்து அடைப்பு எடுத்துச்சு? ஆபீஸ் ஆபீஸா நடந்து ஆளைக் கையோட கூட்டிட்டு வந்தது யாரு? பின்னாடி, தூணோரமா, புடவையைப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருக்காங்களே… ருக்மணி அக்கா. இதுவரைக்கும் அவங்க பேரை யாருமே சொல்லல.

நான் சொல்றேன். இதோ… என் கை.