மூணாவது வரிசை மீசைக்காரர்

உக்காந்து பேசுறதெல்லாம் அப்புறம் ஃபங் சார், மொதல்ல இப்பிடிக் கம்பி ஓரமா வாங்க. அந்த டூரிஸ்ட் கும்பலை இடிச்சுக்கிட்டே வாங்க, தப்பில்ல. இந்த லின்தோங் ஊர்லயே பொறந்தவங்களுக்கு அந்த உரிமையாவது வேணாமா?

இப்பக் கீழ பாருங்க. பேரரசர் கல்லறைக்குக் காவல் நிக்கிற மண்ணு சிப்பாய்ங்க. எல்லாரையும் பாக்காதீங்க, தலை சுத்தும். மூணாவது வரிசையில தலை இல்லாம ஒருத்தன் நிக்கிறான்ல, அவனுக்குப் பக்கத்துல. மீசையத் தூக்கிவிட்டு, கீழ் உதட்டப் பிதுக்கிக்கிட்டு, நூடுல்ஸ்ல காரம் போட மறந்துட்டாப்ல மூஞ்சிய வெச்சுக்கிட்டு... ஆங், அவரேதான்.

எங்க வீட்டுக்காரர் மூஞ்சி அது.

சிரிக்காதீங்க. நானா கண்டுபிடிக்கல. அவரு வெளிய வாசல் கேட் பக்கத்துல மாதுளம்பழம் வித்துக்கிட்டிருந்தாரு. உள்ள பாத்துட்டு வந்த ஒரு பொம்பள, இவரப் பாத்ததும் வீல்னு கத்திட்டா. கும்பல் கூடிடுச்சு. அன்னியோட மனுஷன் கெட்டாரு. மீசைய முறுக்குறது என்ன, நெஞ்ச நிமித்திக்கிட்டு போட்டோவுக்கு நிக்கிறது என்ன! வீட்ல பாத்திரம் கழுவச் சொன்னா, நான் பேரரசர் ஆளு, கழுவ மாட்டேன்னாரு.

நான் விடுவேனா? நேரா இங்க வந்து பாத்தேன். அந்தக் கையப் பாருங்க. விரல மடக்கி வெச்சிருக்கு, உள்ள ஒண்ணுமில்ல. ஈட்டிக் கம்பு என்னிக்கோ மக்கிப் போச்சு. வீட்டுக்குப் போயி, பேரரசர் ஆளு கை சும்மாதான இருக்கு, இந்தாங்க பீர்க்க நாருன்னு திணிச்சேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு. கழுவினாரு. சுமாராத்தான் கழுவினாரு.

அப்புறம் எனக்கு இது வசதியாப் போச்சு. வீட்ல திட்டினா ஒண்ணுக்குப் பத்தாத் திருப்பிக் குடுப்பாரு. இங்க வந்து திட்டினா வாயத் தொறக்க மாட்டாரு. ஒரு தடவ காவலுக்கு நிக்கிற பொண்ணு ஓடி வந்து, யாரத் திட்டுறீங்கம்மான்னு கேட்டா. என் புருஷனைன்னேன். கீழ பாத்தா, என்னப் பாத்தா, தண்ணி பாட்டில கையில குடுத்துட்டுப் போயிட்டா.

எப்பிடிப் போனாருன்னா கேக்குறீங்க? நெஞ்சு வலிதான். பழக்கூடையத் தூக்குறப்ப. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. எல்லாம் ஆனப்புறம் இங்கதான் வந்து நின்னேன். சொல்லாம கொள்ளாம போயிட்டீங்களேன்னு கிழிகிழின்னு கிழிக்கணும்னு வந்தேன். திட்டாமலே, கேட் சாத்துற வரைக்கும் இந்தக் கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அவரு வழக்கம் போல கம்முனு நின்னாரு.

சரி சரி, நீங்க ஏன் மூஞ்சிய அப்பிடி வெச்சுக்கிறீங்க? இப்பல்லாம் நல்லாத் திட்டுறேன். ஊர்க்கதையெல்லாம் சொல்றேன். உங்களப் பத்திக்கூடச் சொன்னேன். பஸ் ஓட்டினவரு, சம்சாரம் போயி ரொம்ப நாளாச்சு, கொஞ்சம் வழுக்கை, மீசை கிடையாது, அவரு தங்கச்சியே எனக்குப் பாத்த மாப்பிள்ளைன்னு ஒண்ணு விடாம சொல்லியாச்சு.

எதாவது நல்ல டீக்கடையில பாத்துப் பேசிக்கங்கன்னுதான் நாத்தனார் சொன்னா. நான்தான், மொதல்ல அவரு ஒரு தடவ உங்கள நேர்ல பாத்துரட்டும்னு இங்க இழுத்துட்டு வந்தேன்.

கொஞ்சம் நேரா நில்லுங்க. தொப்பியக் கழட்டுங்க, பரவால்ல, வழுக்கை இருக்குன்னு அவருக்குத் தெரியும். ம்... பாத்துட்டாரு.

பிடிக்கலேன்னா அவருக்கு மூக்கு விடைக்கும். விடைக்கல.

வாங்க, போலாம். ஏங்க, பாத்து எறங்குங்க, படி வழுக்கும்.