ஆமீன் சொல்ல ஆளில்லாத விருந்து

நரைத்த தாடியை நீவிக்கொண்டே, "இவள் என்ன பேசித் தொலைப்பாளோ" என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் விழாத் தலைவர், எங்கள் மொய்னாக் ஊரின் மூத்தவர் தோலிபாய் ஐயா அவர்களே! மலை கடந்து, மணல் கடந்து, கடல் கைவிட்ட இந்தக் கடற்கரைக்கு வந்திருக்கும் பல நாட்டுப் பேராசிரியப் பெருமக்களே! மருத்துவ மேதைகளே! விடியும் முன்பே அடுப்பை மூட்டி, புகையில் கண் சிவந்து, இன்னும் பரிமாறிக்கொண்டே இருக்கும் தாய்மார்களே! கூடாரத்துக்கு வெளியே மண்வெட்டியோடு நிற்கும் என் ஊர் மக்களே! லாரி ஓட்டுநர் பெர்தெபாய் தம்பி அவர்களே! அந்த லாரியில், வேரைச் சுற்றிய ஈரச் சாக்கு காயக் காயக் கிடக்கும் சக்சவுல் மரக்கன்றுகளே! உங்கள் எல்லோருக்கும் இந்த ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியை உல்போசினின் சலாம்.

சிரிக்கிறீர்கள். கன்றுக்குச் சலாம் சொல்கிறவளை இப்போதுதான் பார்க்கிறீர்கள் போலிருக்கிறது. உயிர் இருக்கும்போதே சொல்லிவிடுவோமே என்றுதான் சொன்னேன்.

என்னை நன்றியுரைக்கு அழைத்தார்கள். நன்றி சொல்வது எளிது. ஆனால் பெரியோர்களே, நான் இந்த மேடையில் நன்றியோடு நிற்கவில்லை, நாணத்தோடு நிற்கிறேன். முகம் சிவந்திருப்பது குளிர்காற்றால் அல்ல.

என் தலைக்கு மேலே தொங்கும் பதாகையைப் பாருங்கள். அறிவியல், கல்வி, மருத்துவம், சுற்றுச்சூழல்! முஸ்லிம் நாடுகளின் கூட்டு முயற்சி! எழுத்து எவ்வளவு பெரிது! தங்கப் பூச்சு எவ்வளவு அழகு! நேற்று இந்த மேடையில் கையெழுத்திட்டீர்கள், கை குலுக்கினீர்கள், கட்டித் தழுவினீர்கள். வானத்தை அளந்தவர்கள் நம் முன்னோர் என்று முழங்கினீர்கள். வைத்தியத்தை வகுத்தவர்கள் நம் முன்னோர் என்று வியந்தீர்கள். நானும் கை சிவக்கத் தட்டினேன். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் வானத்தைப் பார்த்தவர்களைப் பற்றி அத்தனை பேர் பேசினோம். இன்று இரவு அந்த வானம் என்ன செய்யப் போகிறது என்று ஒருவராவது கேட்டோமா?

இன்று இரவு உறைபனி. விடிந்தால் மண் கல்லாகிவிடும். வேர் வெளியே தெரியும் கன்று வசந்தம் வரைக்கும் தாங்காது.

அதனால்தான் ஒப்பந்தத்தின் முதல் வேலை இன்று காலை என்று முடிவானது. கடல் கிடந்த உப்புத் தரையில் கன்று நட வேண்டும். கன்று வேர் பிடித்தால் மண் நிற்கும், மண் நின்றால் உப்பை வாரிக்கொண்டு வரும் வெள்ளைக் காற்று அடங்கும், காற்று அடங்கினால் என் பிள்ளைகளின் நெஞ்சிரைப்பு அடங்கும். அந்தக் கன்றுகள் வானத்திலிருந்து விழுந்தவையா? என் பள்ளிப் பிள்ளைகள் விதை போட்டு, தாங்கள் குடிக்கிற தண்ணீரில் பாதியை ஊற்றி வளர்த்தவை.

லாரி காலையிலேயே வந்துவிட்டது. விருந்தினர்களும் வந்துவிட்டீர்கள். பிறகு ஏன் நடவில்லை? சொல்லட்டுமா? வெட்கத்தை விட்டுச் சொல்லட்டுமா?

ரொட்டியைத் தொடாத விருந்தாளி மண்வெட்டியைத் தொடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். நல்ல வழக்கம்! விரிப்பை விரித்தோம். ரொட்டி வந்தது, மீன் வந்தது, ஆட்டுத்தலை வந்தது, தேநீர் வந்தது. சபையில் மூத்தவர் கையேந்தி, நிறைவுப் பிரார்த்தனையான துஆ கேட்டு ஆமீன் சொல்லும்வரை ஒருவரும் எழக்கூடாது என்பதும் எங்கள் வழக்கம். அதுவும் நல்ல வழக்கம்தான்! ஆனால் இத்தனை நாட்டார் கூடிய சபையில் மூத்தவர் யார்?

துருக்கியிலிருந்து வந்த இல்ஹாமி ஐயா, மலேசியாவிலிருந்து வந்த ரோஸ்லான் ஐயாவைப் பார்த்தார். "நீங்கதான் பெரியவர், நீங்களே துஆ கேளுங்க."

"ஐயையோ, என் தலை வெளுத்தத வெச்சு ஏமாந்துடாதீங்க. உங்க முன்னாடி நான் சின்னப் பையன்."

"சும்மா இருங்க. நீங்க தொலைவிலேருந்து வந்தவர். மரியாதை உங்களுக்குத்தான்."

"அப்போ ஊர்ப் பெரியவர் கேக்கட்டுமே."

எங்கள் தோலிபாய் ஐயா பதறிப்போனார். "வந்தவங்க இருக்கையில வீட்டுக்காரன் ஆமீன் சொன்னா, போயிட்டு வாங்கன்னு துரத்துற மாதிரி ஆகாதா? ஏம்மா, இன்னொரு சுத்து டீ ஊத்து!"

ஊற்றினோம். நானும் ஊற்றினேன். உச்சி சாய்ந்தது, ஊற்றினோம். நிழல் நீண்டது, ஊற்றினோம். மூன்றாவது தடவை அடுப்புக்கு விறகு எடுக்கப் போனேன். லாரியில் சாய்ந்திருந்த பெர்தெபாய் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன அக்கா, உள்ள கூட்டு முயற்சி முடிஞ்சுதா, இல்ல இன்னும் மென்னுக்கிட்டிருக்கா?"

"வாயை மூடுடா. விருந்தாளிங்க காதுல விழப்போவுது."

"விழட்டுமே. சாக்கைத் தொட்டுப் பாரு. காலையில சொட்டிக்கிட்டிருந்துச்சு, இப்போ ரொட்டி மாதிரி காஞ்சு கெடக்கு."

லாரிக்குப் பின்னால் சர்சென்குல் நின்றிருந்தாள். அவள் மகள் ஆய்சானெம் என் பள்ளியில் படிக்கிறாள். படிக்கிறாள் என்றா சொன்னேன்? காற்றில்லாத நாட்களில் படிக்கிறாள். காற்று வந்தால் வாயில் துணி கட்டிப் படுத்துக் கிடக்கிறாள். போன வசந்தத்தில் அவள் மூச்சுக்குத் திணறிய திணறலை வகுப்பே எழுந்து நின்று பார்த்தது. அந்தத் தாய் விடியலிலிருந்து மண்வெட்டியோடு நிற்கிறாள்.

"டீச்சர், நாங்களாவது நட ஆரம்பிக்கட்டுமா?"

"விருந்தாளி மொதல் கன்னு வெக்காம யாரும் மண்ணைத் தொடக்கூடாதுன்னு பெரியவர் சொல்லிட்டாரேம்மா."

"அப்போ வந்து வெக்கச் சொல்லுங்க. நேத்து கையெழுத்துப் போட்டாங்களே, அவங்க எல்லாம் எங்க?"

சாப்பிடுகிறார்கள் என்று சொல்ல வேண்டும். நாற்பது வயதுப் பெண்ணின் முன்னால், கையில் விறகோடு, பாடம் படிக்காமல் வந்த பிள்ளையைப் போலத் தலைகுனிந்து நின்றேன். அவள் தன் தலைச் சால்வையை அவிழ்த்து, வாளித் தண்ணீரில் முக்கி, கன்றுகளின் மேல் போர்த்தினாள். இந்தக் குளிரில், வெறும் தலையோடு இப்போதும் அங்கேதான் நிற்கிறாள்.

அன்பர்களே! நமக்குள் பகையா? இல்லை. நமக்கு அறிவில்லையா? மண்ணை அறிந்தவர் இருக்கிறார், நுரையீரலை அறிந்தவர் இருக்கிறார், மழையை அறிந்தவர் இருக்கிறார். பணிவில்லையா? ஐயோ, பணிவுக்கு இங்கே பஞ்சமே இல்லை! ஒருவரை ஒருவர் முன்னே போகச் சொல்லியே ஒருவரும் போகாமல் உட்கார்ந்திருக்கிறோம். எங்கள் கடல் வற்றியபோதும் யாரும் கத்தியை உருவவில்லை. நீங்கள் சொல்லுங்கள், நீங்கள் சொல்லுங்கள் என்று எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். மரியாதை மிஞ்சியது, கடல் மிஞ்சவில்லை.

என்ன ஐயா? முன்வரிசையில் என்ன முணுமுணுப்பு? "விருந்தாளிங்கள வெச்சுக்கிட்டு இப்படியா பேசறது" என்கிறீர்கள். உண்மைதான். இது மானக்கேடு. ஆனால் வெளியே ஒரு தாய் வெறும் தலையோடு நிற்பதைவிடப் பெரிய மானக்கேடா?

நன்றியுரை இன்னும் பாக்கி இருக்கிறது. எங்கள் விருந்தில் நன்றி என்பது துஆதான். அதைக் கேட்கத்தான் ஆளில்லை. ஆகவே நானே கேட்கப் போகிறேன்.

சலசலக்காதீர்கள்! தோலிபாய் ஐயா ஏதோ சொல்கிறார். "ஏம்மா, பெரியவங்க இத்தன பேர் இருக்கையில பொம்பள துஆ கேக்கறதா?" ஐயா, அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்றுதானே என் அப்பா எனக்கு 'மகன் ஆகட்டும்' என்னும் பொருளில் உல்போசின் என்று பெயர் வைத்தார். அந்த ஆண்பிள்ளை கடைசிவரை வரவே இல்லை. அவனுக்காகவும் நாம் காத்திருக்க வேண்டுமா?

கையை ஏந்துங்கள். இல்ஹாமி ஐயா, கோப்பையைக் கீழே வையுங்கள். ரோஸ்லான் ஐயா, நீங்களும். அதோ... தலைவர் கை உயர்கிறது. உங்களுக்கு நீண்ட ஆயுள் ஐயா.

அல்லாஹ்வே! உண்டது செரிக்கட்டும். சமைத்த கைகள் நோகாதிருக்கட்டும். தொலைவிலிருந்து வந்தவர்கள் நலமாய் வீடு சேரட்டும். ஆய்சானெம் வசந்தம் முழுக்க வகுப்பில் உட்காரட்டும். எங்கள் வெட்கம், கடைசிக் கன்று மண்ணுக்குள் போகும்வரை எங்களை விட்டுப் போகாதிருக்கட்டும். ஆமீன்!

ஆமீன் சொல்லியாயிற்று. இனி உட்கார்ந்திருப்பது எங்கள் வழக்கமில்லை. வந்தவர்களுக்கு நன்றி, எழுகிறவர்களுக்கு இரட்டை நன்றி, எல்லோருக்கும் சலாம். மண்வெட்டிகள் வாசலில் இருக்கின்றன. யார் முதலில் எடுப்பது என்று மட்டும் தயவுசெய்து கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

பெர்தெபாய் தம்பி, வண்டியை எடு!