‘ஜக்ஷி’ என்று சொல்லாதீர்கள்

அவையின் தலைமையை ஏற்றிருக்கும் மருத்துவர் அவர்களே! மூச்சு வாங்க வாங்க மாடியேறி வந்திருக்கும் மதிப்பிற்குரிய பெரியோர்களே! அவர்களைக் கைத்தாங்கலாக அழைத்து வந்திருக்கும் தாய்மார்களே! என் கணவருக்கு மூச்சுவிடக் கற்றுக்கொடுத்த செவிலியர் அனார்குல் அவர்களே! நரின் நகரத்து நல்ல உள்ளங்களே! உங்கள் அனைவரையும் புருல்சா வணங்குகிறேன்.

நலமா என்று கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? ‘ஜக்ஷி’, நலம்! குதிரை செத்தாலும் ஜக்ஷி! கூரை பறந்தாலும் ஜக்ஷி! சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அந்த ஒற்றைச் சொல்லோடுதான் நான் முப்பது வருடம் குடும்பம் நடத்தினேன்.

என் கணவர் சகின், குதிரை மேய்த்தவர். நுரையீரலில் புற்று என்றார்கள். வாசலிலிருந்து குதிரை கட்டும் கம்பம் இருபது எட்டுத் தொலைவு; அதற்குள் அவருக்கு நாக்குத் தள்ளிவிடும். ஆனால் மருத்துவமனையில் அனார்குல் கேட்டால்?

"எப்படி இருக்கீங்க அண்ணே?"

"ஜக்ஷி, தங்கச்சி!"

அனார்குலும் நம்பி ‘நலம்’ என்று எழுதினார். இரண்டு மாதம் எழுதினார்! பிறகு மருந்து எப்படி வரும்? பக்கத்தில் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை. பாவி நான்.

ஒருநாள் அனார்குல் வீட்டுக்கே வந்தார். என் கணவர் கம்பம்வரை போய்த் திரும்புவதைப் பார்த்தார். வந்ததே கோபம்!

"யாரை ஏமாத்துறீங்க? என்னையா, உங்க நெஞ்சையா? இனிமே ஜக்ஷி கிடையாது. கம்பத்துக்குப் போறதுக்குள்ள எத்தனை தடவை நின்னீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

தலைகுனிந்தார் என் சிங்கம். "அஞ்சு தடவை."

"அப்பாடா! இனிமேதான் நான் வைத்தியம் பார்க்க முடியும். மூச்சு முட்டினா முன்னால குனிஞ்சு சாய்ஞ்சுக்கங்க."

"நான் என்ன கிழவனா, கூன் போட?"

அனார்குல் என்ன செய்தார் தெரியுமா? மூலையில் கிடந்த சேணத்தைத் தூக்கி மேசைமேல் வைத்தார். "குதிரையை விரட்டும்போது குனிய மாட்டீங்களோ?"

குனிந்தார் என் கணவர்! சேணத்தின்மேல் முழங்கைகளை ஊன்றினார்! மூக்கால் இழுத்து, சூடான தேநீரை ஆற்றுவதுபோல் உதட்டைக் குவித்து மெல்ல விட்டார். கன்னத்தில் காற்றுப்பட நான் விசிறி பிடித்தேன். மருத்துவரும் மருந்தை மாற்றினார். ஐந்து மூன்றானது, மூன்று இரண்டானது.

நோய் போயிற்றா? போகவில்லை, தாய்மார்களே. இன்னும் ஒரேயொரு கோடைக்கு மலை மேய்ச்சலுக்குப் போக ஏங்கினார், அதுவும் கிடைக்கவில்லை. சேணத்தில் சாய்ந்து மலையைப் பார்த்தபடி ஒருநாள் சொன்னார்: "புருல், இன்னிக்கு நல்லா இல்ல. பயமா இருக்கு. பக்கத்துல உட்காரேன்."

முப்பது வருடத்தில் முதல்முறை! உட்கார்ந்தேன். அதன்பின் கண்மூடும்வரை நாற்பது நாள் உண்மை பேசினார். எங்கே வலி, எதில் பயம், என்மேல் எவ்வளவு ஆசை, எல்லாம் சொன்னார். அந்தக் குரலுக்கு ஏங்குகிறேன்! ஜக்ஷி தின்றுவிட்ட அந்த இரண்டு மாதத்துக்கு ஏங்குகிறேன்! யார் திருப்பித் தருவார்கள்?

மூன்றாம் வரிசையில் வெள்ளைத் தொப்பி அணிந்த பெரியவரே, எப்படி இருக்கிறீர்கள்? என்ன? சத்தமாக...

"மாடியேற நாலு தடவை நின்னேம்மா!"

கேட்டீர்களா? தட்டுங்கள் கையை! அதோ, அவர் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். விடாதே தாயே, பிடித்துக்கொள்.

இருக்கிற மூச்சில் உண்மை சொல்ல வந்த உங்களுக்கெல்லாம் என் நன்றி. படிக்கட்டின் திருப்பத்தில் நாற்காலி போட்டிருக்கிறோம். உட்கார்ந்து உட்கார்ந்து மெல்ல இறங்குங்கள். வணக்கம்.